வாயுவைப் பீறித் தள்ளும் குவேசார்கள்: ரேடியோவில் தெரிவது என்ன?

குவேசார் என்பது நடுவிலுள்ள கருந்துளையால் பளிச்சென்று ஒளிரும் தொலைதூரக் கேலக்ஸிக் கரு. அதைப் பற்றிக் கேட்கப்பட்டவை மூன்று. குவேசாரிலிருந்து வாயு வெளியேறுவதை ஒளி நிறமாலைதான் காட்டுகிறது என்றால், அதே குவேசார்களை ரேடியோ தொலைநோக்கிகளால் ஏன் இவ்வளவு காலமாகத் துருவுகிறார்கள்? ரேடியோவில் அந்த வாயு தெரியுமா? வலுவான ஜெட் (கருவிலிருந்து பாயும் துகள் தாரை) உள்ள குவேசாரில் இப்படி வாயு வெளியேறாது என்று சொல்கிறார்களே, அது சரியா?

மூன்றாவது கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். 1990களின் தொடக்கத்தில் பெரும்பாலான வானியலாளர்கள் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கை சில ஆண்டுகளிலேயே தகர்ந்தது. தகர்த்தது ரேடியோ கணக்கெடுப்புதான். இரண்டாவதற்கு விடை: நாம் பேசும் அதிவேக வாயு ரேடியோவில் பெரும்பாலும் நேரடியாகத் தெரியாது. முதல் கேள்விக்குத்தான் நீண்ட விடை தேவைப்படுகிறது.

முதலில் ஒளி நிறமாலையில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். குவேசாரின் நடுவே கோடிக்கணக்கான சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றி வட்டாகச் சுழலும் வாயு கடுமையாக வெப்பமேறிப் புற ஊதா ஒளியை வீசுகிறது. அருகிலுள்ள வாயுவில் மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பன் அயனிகள் 1,549 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்தில் ஒளிர்கின்றன. செம்பெயர்ச்சி, அதாவது அண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு, 2 என்று அளக்கப்பட்ட ஒரு குவேசாரில் இந்தக் கோடு மூன்று மடங்கு நீண்டு ஏறக்குறைய 4,650 ஆங்ஸ்ட்ராமில், அதாவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியில், வந்து நிற்கும். சாதாரண குவேசாரில் அங்கே ஒரு முகடு மட்டும் இருக்கும். சில குவேசார்களில் அந்த முகட்டின் நீலப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கூரிய கோடு அல்ல, அகன்ற பள்ளம். சில வேளைகளில் 4,350 ஆங்ஸ்ட்ராம் வரைகூட நீளும். நமக்கும் குவேசாரின் ஒளிக்கும் நடுவே இருக்கும் கார்பன் நம்மை நோக்கி விரைந்து வருவதால்தான் அந்த ஒளி அங்கே விழுங்கப்படுகிறது. 4,650 எங்கே, 4,350 எங்கே! அந்த இடைவெளியை வேகமாக மாற்றினால் விநாடிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டுபவையும் அதைத் தாண்டுபவையும் இருக்கின்றன.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது பி.எச்.எல். 5200 என்ற குவேசார். அதன் நிறமாலையை லிண்ட்ஸ் 1967இல் வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவேசாரின் செம்பெயர்ச்சியைக் கண்டுபிடித்து, குவேசார்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதையே உலகுக்குச் சொல்லியிருந்தார். ஆகவே இந்த வாயு வெளியேற்றம் குவேசார் ஆய்வு தொடங்கிய நாளிலிருந்தே உடன்வரும் புதிர் என்று சொல்லலாம். இவற்றை அகன்ற உறிஞ்சல் கோட்டு குவேசார்கள் என்கிறார்கள். ஒளியை வைத்துத் தேர்ந்தெடுத்த குவேசார்களில் 10 முதல் 20 சதவீதம் வரை இந்த வகை.

இந்தச் சதவீதத்தில்தான் வழக்கு தொடங்குகிறது. நூறு குவேசாரில் பதினைந்தில் மட்டும் வெளியேறும் இந்த வாயு, சுருக்கமாகக் ‘காற்று’, தெரிவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எல்லாக் குவேசார்களிலும் காற்று உண்டு, ஆனால் அது வட்டின் தளத்தை ஒட்டியே வீசுகிறது. நாம் அந்தக் காற்றின் ஊடாகப் பார்க்க நேர்ந்தால் மட்டும் பள்ளம் தெரிகிறது என்பது ஒன்று. ஒவ்வொரு குவேசாரும் தன் வாழ்நாளில் ஒரு கட்டத்தில், அநேகமாகத் தூசியும் வாயுவும் மூடிய இளமையில், இந்தக் காற்றை எல்லாத் திசையிலும் வீசி உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. அந்தக் கட்டத்தில் அகப்பட்டவையே நாம் காணும் 15 சதவீதம் என்பது மற்றொன்று. முன்னது கோணத்தின் கதை, பின்னது வயதின் கதை. கார்பன் பள்ளத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இரண்டில் எது சரி என்று அது சொல்லாது, ஏனென்றால் இரண்டு கதைகளிலும் பள்ளம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ரேடியோ இங்கேதான் தேவைப்படுகிறது. ஜெட் உள்ள குவேசாரில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி, காந்தப்புலத்தில் சுழன்று சின்குரோட்ரான் அலைகளை வீசுகின்றன. ஜெட் வட்டுக்குச் செங்குத்தாகக் கிளம்புகிறது என்பது பொதுவான புரிதல். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் வட்டை நாம் மேலிருந்து பார்க்கிறோமா, பக்கவாட்டில் பார்க்கிறோமா என்பதும் தெரிந்துவிடும். ஜெட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரிந்தால் அது எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று கணிக்கலாம். கோணம், வயது இரண்டுக்கும் ஒரே கருவியில் தடயம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, தூசி ரேடியோ அலையைத் தடுப்பதில்லை. இவ்வகைக் குவேசார்கள் பலவும் தூசியால் சிவந்தவை என்பதால் இது சிறிய வசதி அல்ல.

ஆனால் ஆரம்பம் ஏமாற்றமாக இருந்தது. ஸ்டாக் குழுவினர் அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியால் இவ்வகைக் குவேசார்களைத் தேடிப் பார்த்து 1992இல் வெளியிட்ட முடிவில், ரேடியோ மிகுந்தது என்று சொல்லத்தக்க ஒன்றுகூட இல்லை. பொதுவாகக் குவேசார்களில் பத்தில் ஒன்று ரேடியோ மிகுந்தது. அந்த விகிதத்தில் சில அகப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஜெட்டும் காற்றும் ஒன்றையொன்று விலக்குகின்றன என்ற கருத்து வேரூன்றியது.

அதை மாற்றியது ஃபர்ஸ்ட் கணக்கெடுப்பு. வி.எல்.ஏ.வின் 27 கிண்ணங்களைக் கொண்டு 1.4 கிகாஹெர்ட்ஸில், 5 விகலைத் தெளிவுடன் (ஒரு விகலை ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு), 1 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ ஒளிர்வை அளக்கும் அலகு) வரை வானத்தின் பெரும்பரப்பை அலசிய வேலை அது. இதுவரை முதலில் ஒளியில் குவேசாரைக் கண்டுபிடித்து, பிறகு ரேடியோவில் தேடினார்கள். பெக்கர் குழுவினர் வரிசையைத் திருப்பினார்கள்: முதலில் ரேடியோப் புள்ளி, பிறகு அதன் நிறமாலை. 1997இல் ஃபர்ஸ்ட் 1556+3517 என்ற குவேசார் வெளிவந்தது. ரேடியோவும் மிகுந்திருந்தது, உறிஞ்சல் பள்ளமும் ஆழமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதே குழு 29 குவேசார்களின் பட்டியலையே கொடுத்தது.

முன்பு ஏன் அகப்படவில்லை? ஒளியை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது தூசியும் உறிஞ்சலும் குவேசாரின் நீல ஒளியைத் தின்றுவிடுகின்றன, பொருள் மங்கலாகவும் சிவப்பாகவும் தெரிகிறது, பட்டியலுக்குள்ளேயே வராது. இதே காரணம் எதிர்ப்பக்கமும் வெட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரேடியோ மிகுதி என்பது ரேடியோ ஒளிர்வை நீல ஒளிர்வால் வகுத்து வரும் எண். 10ஐத் தாண்டினால் ரேடியோ மிகுந்தது என்பது வழக்கம். வகுக்கும் எண் தூசியால் சிறுத்துவிட்டால் விடை பொய்யாகப் பெருத்துவிடும். ஆகவே தூசித் திருத்தம் செய்யாமல் தரப்படும் ரேடியோ மிகுதி எண்ணை நான் நம்புவதில்லை.  

விலக்கம் முற்றிலும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ரேடியோ ஒளிர்வு மிக அதிகமான குவேசார்களிடையே போனால் காற்று உள்ளவற்றின் பங்கு குறைகிறது. பள்ளத்தின் வலிமையும் குறைகிறது. கடுமையான விலக்கு அல்ல, சரிவு.

இனி கோணம். பக்கவாட்டில் பார்ப்பதாலேயே பள்ளம் தெரிகிறது என்றால், இந்தக் குவேசார்களின் ரேடியோ நிறமாலை எல்லாம் செங்குத்தாகச் சரிய வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது ஜெட்டின் முனைகளில் பரந்து கிடக்கும் பழைய எலக்ட்ரான்களே மேலோங்கித் தெரியும். அவை உயர் அதிர்வெண்ணில் விரைவாக மங்கும். நம்மை நோக்கி வரும் ஜெட்டில் அடிப்பகுதி, எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு போல, மிகைப்பட்டுத் தெரியும். அதன் நிறமாலை தட்டையாக இருக்கும். 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டும் கலந்து இருந்தன. பிறகு டிபாம்பியோ குழுவினர் காற்று உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் இணைகட்டி ஒப்பிட்டபோது, காற்று உள்ளவை சற்றே கூடுதலாகச் சரிவு காட்டின. அதாவது பக்கவாட்டுச் சாய்வு கொஞ்சம் உண்டு, ஆனால் பக்கவாட்டில் மட்டும்தான் என்பது பொருந்தவில்லை.

என்னை மிகவும் கவர்ந்த ஆதாரம் இன்னொன்று. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது பயன்தரும். ஒரே தொலைநோக்கி, ஒரே 1.4 கிகாஹெர்ட்ஸ், ஆனால் இரண்டு கணக்கெடுப்புகள்: ஃபர்ஸ்ட்டின் தெளிவு 5 விகலை, என்.வி.எஸ்.எஸ்.இன் தெளிவு 45 விகலை. ஒரு குவேசாரை இரண்டும் வெவ்வேறு நாளில் அளந்திருக்கின்றன. என்.வி.எஸ்.எஸ். அளவு கூடுதலாக இருந்தால் அதில் செய்தி இல்லை. அதன் பெரிய வட்டத்துக்குள் பரந்த பகுதிகளும் பக்கத்துப் புள்ளிகளும் சேர்ந்திருக்கும். ஆனால் சிறிய வட்டத்தில் அளந்த ஃபர்ஸ்ட் அளவு பெரிய வட்டத்தில் அளந்ததைவிடக் கூடுதலாக இருந்தால்? பகுதி முழுமையைவிடப் பெரிதாக முடியாது. ஆகவே குவேசார் உண்மையிலேயே மாறியிருக்கிறது. சில ஆண்டுகளில் மாறும் பொருள் சில ஒளியாண்டுகளைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு ரேடியோ வருகிறது என்று கணக்கிட்டால் அதன் ஒளிர்வு வெப்பநிலை (அதே அளவு பளிச்சென்று ஒளிர ஒரு பொருளுக்குத் தேவைப்படும் வெப்பநிலை) 10இன் அடுக்கு 12 கெல்வினைத் தாண்டிப் போகிறது. அந்த வெப்பநிலைக்கு மேல் எலக்ட்ரான்கள் தங்கள் சொந்த ரேடியோ அலையையே எக்ஸ்-கதிராக உதைத்துத் தள்ளி விரைவில் ஆற்றலை இழந்துவிடும். நிலைத்து நிற்க முடியாது. எனவே நாம் காண்பது மிகைத்தோற்றம். ஜெட் ஏறக்குறைய நம் முகத்துக்கு நேரே வருகிறது. அப்படியானால் உறிஞ்சும் காற்றும் ஜெட் போகும் துருவத் திசையை ஒட்டியே வருகிறது. சௌ குழுவினர் 2006இல் இந்த வழியில் ஆறு குவேசார்களைக் காட்டினார்கள். ஆறே பொருள்கள்தான், ஆனால் காற்று வட்டின் தளத்தில் மட்டுமே வீசுகிறது என்ற கதையை உடைக்க இவை போதும்.

அப்படியானால் வயதின் கதை வென்றுவிட்டதா? அதற்கும் சார்பாக நிறைய இருக்கிறது. ரேடியோவில் தெரியும் இவ்வகைக் குவேசார்களில் பெரும்பாலானவை ஃபர்ஸ்ட் படத்தில் வெறும் புள்ளிகள். செம்பெயர்ச்சி 2இல் ஒரு விகலை என்பது ஏறக்குறைய 28,000 ஒளியாண்டு. ஆகவே 5 விகலைக்குள் புள்ளியாக அடங்கும் ஜெட், பெரிய கேலக்ஸி ஒன்றைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை என்று பொருள். இவற்றில் பலவற்றின் ரேடியோ நிறமாலை ஓர் அதிர்வெண்ணில் உச்சம் தொட்டுக் குறைந்த அதிர்வெண்ணில் மீண்டும் தாழ்கிறது. மிகச் சிறிய, அடர்ந்த ரேடியோ மூலங்கள் தம் அலையைத் தாமே விழுங்கிக்கொள்வதால் வரும் தோற்றம் அது. இளம் ரேடியோ மூலங்களின் முத்திரை. கண்டங்கள் தாண்டிக் கிண்ணங்களை இணைக்கும் நெடுந்தள இடையீட்டு முறையில் விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்த்தபோது, சிலவற்றில் நடுக்கருவும் குட்டையான ஜெட்டும் தெரிந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓடி இருபுறமும் பெருத்த மடல்களை ஊதிவிட்ட வகையைச் சேர்ந்தவை மிக அரிது. கிரெக் குழுவினர் 2006இல் தொகுத்தபோது விரல்விட்டு எண்ணக்கூடியவையே கிடைத்தன. அவற்றிலும் ரேடியோ வலுவாக வலுவாகப் பள்ளம் வற்றுகிறது. இளமையில் காற்று, முதுமையில் மடல், நடுவே காற்று அடங்கும் காலம் என்று படிக்கத் தோன்றும்.

இங்கே அவசரம் கூடாது என்பது என் கருத்து. காற்று இல்லாத ரேடியோ குவேசார்களையும் அதே ஒளிர்வு, அதே செம்பெயர்ச்சி என்று எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் சிறியவை நிறைய. காற்று உள்ளவை அவற்றைவிட எவ்வளவு சிறியவை என்பதே கேள்வி. அந்த வித்தியாசம் கதை சொல்பவர்கள் விரும்பும் அளவுக்குப் பெரிதாக வருவதில்லை. அரிதாக இருந்தாலும் பெரிய மடல் உள்ள காற்றுக் குவேசார்கள் இருக்கின்றன. வயது மட்டுமே காரணம் என்றால் அவை இருக்கக் கூடாது. ஒரு குவேசாரில் காற்று வீசும் கோணமே காலப்போக்கில் மாறுகிறது, இளமையில் அகன்றும் பிறகு ஒடுங்கியும் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பதே தரவுக்கு நெருக்கமானது.

இதுவரை சொன்னது ரேடியோ மிகுந்த சிறுபான்மை பற்றி. என் பார்வையில் இன்று சூடுபிடித்திருக்கும் பகுதி மற்ற 90 சதவீதம். ஃபர்ஸ்ட் படங்களில் இரைச்சல் 0.15 மில்லிஜான்ஸ்கி, பெரும்பாலான குவேசார்கள் அதற்கும் கீழே மூழ்கிக் கிடக்கின்றன. ஆனால் அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று ஒளியில் தெரியுமே! ஒவ்வொன்றின் இடத்தையும் நடுவில் வைத்து ஆயிரக்கணக்கான வெட்டுப்படங்களை அடுக்கினால் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் தேய்ந்து, சராசரிக் குவேசாரின் மங்கிய ஒளி மேலே வரும். வைட் குழுவினர் 2007இல் இதைச் செய்தபோது, காற்று உள்ள குவேசார்கள் இல்லாதவற்றைவிட ரேடியோவில் சராசரியாகக் கூடுதல் ஒளிர்வுடன் தெரிந்தன. உச்சியில் குறைவு, அடிமட்டத்தில் கூடுதல்! அடுத்து ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி 144 மெகாஹெர்ட்ஸில் இன்னும் ஆழமாகப் போனது. மொராபிட்டோ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், காற்று உள்ள குவேசார்கள் ரேடியோவில் அகப்படும் விகிதம் அதிகம். அவற்றிலும் மக்னீசியம் போன்ற குறைந்த அயனிகளின் பள்ளம் காட்டும் தூசி மிகுந்த வகையில் இன்னும் அதிகம்.

வலுவான ஜெட் இல்லாத குவேசாரில் இந்த ரேடியோ எங்கிருந்து வருகிறது? விண்மீன்கள் பெருகிப் பிறக்கும் இடத்திலிருந்து வரலாம். வளராத சிறு ஜெட்டாக இருக்கலாம். வட்டின் மேலுள்ள சூடான மகுடமாக இருக்கலாம். காற்றே காரணமாகவும் இருக்கலாம் என்ற கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது. அதிவேக வாயு கேலக்ஸியின் வாயுவில் மோதும்போது அதிர்ச்சியலை எழும். சூப்பர்நோவா எச்சங்களில் நடப்பது போலவே அங்கும் எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு ரேடியோ வீசும். ஸகாம்ஸ்காவும் கிரீனும் 2014இல், ரேடியோ குன்றிய குவேசார்களில் ஆக்சிஜன் கோட்டின் அகலம் கூடக்கூட, அதாவது வாயுவின் வேகம் கூடக்கூட, ரேடியோவும் கூடுகிறது என்று காட்டினார்கள். இது உறுதிப்பட்டால் முன்பு சொன்ன விடையைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்: காற்று நேரடியாகத் தெரியாவிட்டாலும் அது மோதும் இடம் ரேடியோவில் தெரியும்.

பிரித்தறிய வழி உண்டு. விண்மீன் பிறப்பால் வரும் ரேடியோவின் ஒளிர்வு வெப்பநிலை 1,00,000 கெல்வின் அளவைத் தாண்டுவதில்லை. நெடுந்தள முறையில் கருப்பகுதி பளிச்சென்று தெரிந்தால் அது விண்மீன் பிறப்பு அல்ல. அந்த முறையில் எதுவுமே தெரியாமல், ஒரு விகலை அளவில் மட்டும் பரந்து தெரிந்தால் ஜெட்டின் அடிப்பகுதி என்ற வாதம் வலுவிழக்கும். லோஃபாரின் பல நாட்டு நிலையங்களைச் சேர்த்தால் 0.3 விகலைத் தெளிவு கிடைக்கிறது. இடைப்பட்ட இந்த அளவுக்குத்தான் இவ்வளவு காலம் கருவி போதாமல் இருந்தது.

வாயுவையே ரேடியோவில் பார்க்கும் வழி ஒன்று உண்டு, ஆனால் அது வேறு வாயு. நடுநிலை ஹைட்ரஜனின் 21 செ.மீ. கோடு 1,420 மெகாஹெர்ட்ஸில் வரும். ரேடியோ மூலத்துக்கு முன்னே ஹைட்ரஜன் இருந்தால் பள்ளம் விழும். 4சி 12.50 என்ற கேலக்ஸியில் மொர்கான்டி குழுவினர் நெடுந்தள முறையில் பார்த்து, வெளியேறும் ஹைட்ரஜன் ஜெட்டின் முனையருகே இருப்பதை 2013இல் காட்டினார்கள். ஜெட் முட்டித் தள்ளுகிறது என்பதற்கு இதைவிட நேரான படம் கிடைப்பது கடினம். ஆனால் அதன் வேகம் விநாடிக்கு சுமார் 1,000 கிலோமீட்டர். கார்பன் பள்ளத்தில் தெரியும் 20,000 கிலோமீட்டர் காற்று முழுக்க அயனியாகிவிட்டது. அதில் 21 செ.மீ. கோட்டுக்கு இடமில்லை. செம்பெயர்ச்சி 2இல் அந்தக் கோடு 473 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும் என்பதும், அங்கே மனிதர்களின் ஒலிபரப்புச் சத்தம் மிகுதி என்பதும் கூடுதல் தொல்லை.

அருகில் வைத்துப் பார்க்க ஒரே ஓர் ஆள் வேண்டுமென்றால் அது மார்க்கேரியன் 231. செம்பெயர்ச்சி 0.042, இவ்வகையில் நமக்கு மிக அருகில் இருப்பது. இரண்டு கேலக்ஸிகள் மோதிக் கலந்த குழப்பத்தின் நடுவே, தூசிக்குள், குறைந்த அயனிப் பள்ளங்களுடன் இருக்கிறது; மூலக்கூறு வாயுவும் அதிலிருந்து வெளியேறுகிறது; விண்மீன்களும் பெருமளவில் பிறக்கின்றன. ரேனால்ட்ஸ் குழுவினர் நெடுந்தள முறையில் பார்த்தபோது நடுவில் ஒரு பார்செக் (சுமார் 3.26 ஒளியாண்டு) அளவு இடைவெளியில் இரண்டு ரேடியோப் புள்ளிகள் இருந்தன. உயர் அதிர்வெண்ணில் கரு திடீர் திடீரென்று வெடித்து ஒளிர்ந்து, ஜெட் நம் பார்வைக்கோட்டை ஒட்டி இருப்பதைக் காட்டியது. காற்று, ஜெட், விண்மீன் பிறப்பு மூன்றும் ஒரே பொருளில். தொலைவில் இருக்கும் ஒரு குவேசாரின் ஒற்றைப் புள்ளி ரேடியோவை எடுத்து, இது காற்றால் வந்தது, இது ஜெட்டால் வந்தது என்று ஒரே வரியில் எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் மார்க்கேரியன் 231ஐ அதே தொலைவுக்கு நகர்த்தினால் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

தரவைத் தாமே தொட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: வானத்தை ஒளியில் அலசிய ஸ்லோன் கணக்கெடுப்பின் நிறமாலைகள், ஃபர்ஸ்ட், என்.வி.எஸ்.எஸ்., 2017இல் தொடங்கிய 3 கிகாஹெர்ட்ஸ் வி.எல்.ஏ. வான்கணக்கெடுப்பு, லோஃபார் வரைபடங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. ஸ்லோனின் 16ஆம் வெளியீட்டுப் பட்டியலிலேயே ஏழரை லட்சம் குவேசார்கள் உண்டு. ரேடியோவில் தெரிபவற்றின் சதவீதத்தை எண்ணும் முன், காற்று உள்ள ஒவ்வொன்றுக்கும் அதே செம்பெயர்ச்சியும் தூசித் திருத்திய அதே ஒளிர்வும் கொண்ட காற்றில்லாக் குவேசார் ஒன்றை இணைகட்டுங்கள். ஃபர்ஸ்ட் அளவையும் மூன்று கிகாஹெர்ட்ஸ் அளவையும் ஒப்பிட்டு நிறமாலைச் சரிவு கணக்கிடும்போது இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடியிருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்; குவேசார் மாறியிருந்தால் அந்தச் சரிவு பொய்.